அத்தையின் செருப்பு

பொன்னிக்கு வாய் ஜாஸ்தி என்று எங்கள் தெருவில் எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரியாக ஆறு வருடம் அவளோடு தண்ணீர்க் குழாயடியில் சண்டை போட்டவள் நான். ஆனால் அவள் மாமியார் சரசுவிடம் பிழைக்க அந்த வாயும் போதாது என்பது என் கட்சி.

செங்கம் சாலையில் ஆசிரமத்துக்குப் பின்பக்கம் எங்கள் வீடுகள். அங்குள்ள விடுதிகளின் படுக்கை விரிப்புகளை வாங்கி வந்து துவைத்து, இஸ்திரி போட்டுக் கொடுப்பது பொன்னியின் தொழில். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்துத்தான் வயிற்றில் ஒன்று தங்கியது. எட்டாம் மாதம் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கத் தொடங்கின. தடிப்பு இல்லை, கொப்புளம் இல்லை. சொறிந்து சொறிந்து ரத்தம் வந்ததுதான் மிச்சம். சோப்புத்தூள் ஒத்துக்கொள்ளவில்லை என்று நான் மேதாவி மாதிரி சொன்னேன்.

சரசு வேறு காரணம் கண்டுபிடித்தாள். போன பௌர்ணமிக்கு, கால் வீங்கியிருந்ததால் பொன்னி செருப்போடு கிரிவலம் போயிருந்தாள்.

"அண்ணாமலையாரைச் செருப்புக் காலோட சுத்தினா அரிக்காம இன்னா பண்ணும்? வர்ற பௌர்ணமிக்கு வெறுங்கால்ல சுத்துடி, தானா நிக்கும்."

"அப்ப கை ஏன் அரிக்குது அத்தை? கையிலயா செருப்பு மாட்டிக்கினு போனேன்?"

அன்று வீட்டில் பாத்திரங்கள் பறந்தன.

ரத்தப் பரிசோதனைக்கு அவளோடு நான்தான் போனேன். டாக்டரம்மா மழுப்பாமல் சொன்னார்.

"கல்லீரல்லேர்ந்து பித்தநீர் சரியா எறங்காம ரத்தத்துல கலக்குது. சில பேருக்குக் கர்ப்பத்துல வரும். அரிப்பு உனக்கு, ஆபத்து புள்ளைக்கு. மாத்திரை போடு, வாரா வாரம் வா. அசைவு கம்மியாச்சுன்னா அந்த நிமிஷமே வந்துடு."

"பித்தத்துக்கு எவளாவது ஆஸ்பத்திரிக்கு ஓடுவாளா? எலுமிச்சம்பழம் தேய்ச்சுக் குளி" என்று சரசு முடித்துவிட்டாள். மகன் செழியன் அம்மா பேசும்போது அம்மா பக்கம், பெண்டாட்டி பேசும்போது கைபேசி பக்கம்.

பௌர்ணமி வந்தது. காலையில் சரசு மருமகளின் செருப்பை எடுத்துச் சாக்கடையில் வீசினாள். "நாங்க கோயில்ட்ட நிக்கிறோம். வெறுங்கால்ல வந்து சேரு" என்று சொல்லி, மகனை இழுத்துக்கொண்டு புறப்பட்டாள்.

பதினோரு மணிக்குப் பொன்னி என் கதவைத் தட்டினாள். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, காலையிலேர்ந்து புள்ள அசையல."

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டோம். பௌர்ணமிக் கூட்டத்துக்காகப் போலீஸ் சாலையில் போட்டிருந்த தடுப்புக்கு அந்தப் பக்கம்தான் நிறுத்த முடியும் என்றார்கள். பொன்னி வாசலில் கிடந்த மாமியாரின் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள். ஊரே ஒரு பக்கமாக வந்துகொண்டிருந்தது, நாங்கள் எதிரே போனோம். "செருப்போட வருது பார்", "வழியில குறுக்க வராதம்மா" என்று ஆளாளுக்குத் திட்டினார்கள். வயிற்றைப் பார்த்தும் ஒதுங்காதவர்களை நான் வாயில் வந்தபடியெல்லாம் ஏசினேன். பொன்னியின் வாய் மூடியிருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை, இரண்டே கால் கிலோ. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் எதுவும் சொல்வதற்கில்லை என்றார் டாக்டரம்மா. குழந்தை வீறிட்டுக் கத்தியது. அம்மாவின் வாய்தான் என்று நினைத்துக்கொண்டு அழுதேன்.

சாயங்காலம் மலையைச் சுற்றி முடித்துவிட்டு, சேதி தெரிந்து மகனையும் கூட்டிக்கொண்டு, தூசிக் காலோடு நொண்டிக்கொண்டே சரசு வந்தாள். வந்ததும் வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி அறிவித்தாள்.

"நான் வெறுங்கால்ல சுத்துனதாலதான் புள்ள பொழைச்சுது!"

குழந்தையைத் தூக்கக் கையை நீட்டினாள். பொன்னி தையல் வலியோடு புரண்டு, குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"உங்க செருப்பு கட்டிலுக்கு அடியில கெடக்குது அத்தை. அதுல நடந்து வந்துதான் பொழைச்சுது. போட்டுக்கினு கெளம்புங்க."

சரசு செழியனைப் பார்த்தாள். அவன் கைபேசியைப் பார்த்தான். அவள் குனிந்து செருப்பை எடுத்தாள். போட்டுக்கொண்டுதான் போனாள்.