படத்துக்கு ஒரு புடவை

ஐம்பதுகளில், மர்பி டவுன் என்ற ஏழைக் குடியிருப்பில் ஒரு வெளிநாட்டு மிஷன் நடத்திய இலவசப் பால் நிலையத்தில் குமாஸ்தாவும் நான்தான், பால் ஊற்றுபவனும் நான்தான். பால்பவுடர் அனுப்பும் அயல்நாட்டுச் சபையார் பால் வாங்குபவர்களின் புகைப்படம் கேட்டிருந்தார்கள். படத்தில் வறுமை தெரியாவிட்டால் பால் நின்றுவிடுமோ என்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

பிள்ளைக்குப் பால் வாங்கும் ரோசம்மா, படத்துக்காகக் கல்யாணப் புடவை கட்டி வந்தாள்.

“இப்படி நின்னா யாரும்மா பால் அனுப்புவாங்க? கிழிஞ்சது ஏதாவது கட்டிட்டு வா” என்றேன்.

திரும்பிப் போனாள். மிஷன் அம்மா கேமராவோடு காத்திருக்க, நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். ஒரு மணிநேரம் கழித்துக் கந்தலில் வந்தாள்.

“ஏன் இவ்ளோ நேரம்?”

“கிழிஞ்சா நான் உடனே தெச்சுடுவேன் சார். பக்கத்து வீட்டம்மா கட்டியிருந்ததைக் கேட்டு வாங்கினேன். அவங்க என் கல்யாணப் புடவையில உக்காந்திருக்காங்க. சீக்கிரம் எடுத்துடுங்க.”

படம் போனது, பாலும் வந்தது. அவள் பாத்திரத்தில் ஊற்றும்போது மட்டும் நான் தலைநிமிர்ந்ததே இல்லை.