படகு வண்டிக்கு அடியில் மாமா

என் தாய்மாமன் செத்துப்போனதை முதலில் பார்த்தவன் நான். ஊருக்குச் சொன்னவனும் நான்தான். அழுதுகொண்டே சொன்னதால் ஒருவரும் சந்தேகப்படவில்லை. இதில் இருந்த ஒரே குறை, அவர் சாகவில்லை என்பது. அது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரியவந்தது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. மோகனூர்ப் பக்கம் காவிரிக் கரையில் எங்கள் வீடும் மாமா வீடும் அடுத்தடுத்து இருந்தன. மாமா ஒரு தகரப் படகு வைத்து அக்கரைக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தார். படகைக் கரைக்கு இழுத்து வர அவரே ஒரு வண்டியும் செய்து வைத்திருந்தார். திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் லாரிக்காரர்கள் கழித்துப்போட்ட குழாய்களை வாங்கிவந்து, சட்டமாகப் பற்றவைத்து, இரண்டு சக்கரம் மாட்டியிருந்தார். டிராக்டரில் கோக்க முன்னால் ஒரு வளையம். எஞ்சின் கிடையாது. இதைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அன்றைக்கு வைத்துக்கொள்ளவில்லை.

படகை ஏற்றி இறக்க, சக்கரம் முங்கும்வரை வண்டியை ஆற்றுக்குள் தள்ளுவார்கள். ஒவ்வொரு தடவையும் குழாய்க்குள் கொஞ்சம் தண்ணீர் போகும். உள்ளே போன தண்ணீர் வெளியே வர மாமா வழி வைக்கவில்லை. வருடா வருடம் ஆயுத பூஜைக்கு முதல் நாள், பழைய பெயின்ட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே பச்சைப் பெயின்ட் அடித்து, மறுநாள் சந்தனம் வைத்துவிடுவார். வெளியே பார்க்க வண்டி கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கும். உள்ளே என்ன நடக்கிறது என்று அவருக்கும் தெரியாது, சந்தனத்துக்கும் தெரியாது.

அந்த வருடம் பூஜைக்கு முதல் நாள் பார்த்தால், பெயின்ட் அம்மை போட்டதுபோல அங்கங்கே கொப்பளித்திருந்தது. அடியில் படுத்துத் தட்டிப் பார்க்க மாமா கிளம்பினார். அம்மா தடுத்தாள்.

"படகை எறக்கி வெச்சுட்டு அடியில போடா. அத்தாம்பெரிய கனத்தைத் தலைக்கு மேல வெச்சுக்கிட்டா பாப்பாங்க?"

மாமா அக்கா பேச்சை மதிக்கிறவர். "சரிங்க்கா" என்று பணிவாகச் சொல்லிவிட்டு, படகை இறக்காமலேயே உளியோடும் சுத்தியலோடும் உள்ளே புகுந்துகொண்டார். படகை இறக்க நாலு ஆள் வேண்டும். மாமாவுக்கு யாரையும் கூப்பிடப் பிடிக்காது.

கொஞ்ச நேரம் கழித்து நான் தூக்குப்போசியில் டீ கொண்டுபோனேன். டங் டங் என்று சத்தம் வந்துகொண்டிருந்தது. கிட்டே போனபோது டப் என்றது. அதோடு நின்றுவிட்டது. குனிந்து பார்த்தேன். மாமாவின் இடுப்புக்குக் கீழே மட்டும் தெரிந்தது, மீதி படகின் நிழலில் இருட்டு. அந்த இருட்டிலிருந்து கருஞ்சிவப்பாக ஒன்று வழிந்து வந்து மணலில் ஓடியது. நிற்கவே இல்லை. மாமாவின் இடது கால் ஒருமுறை உதறிக்கொண்டது. அப்புறம் அசையவில்லை.

"மாமா" என்றேன். பதில் இல்லை.

ஒரு மனிதனுக்குள் எவ்வளவு ரத்தம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் சேவல் அறுத்துப் பார்த்திருக்கிறேன். அந்தக் கணக்குப்படி மாமா முழுதாகக் காலியாகிவிட்டார்.

போசியைப் போட்டுவிட்டு ஓடினேன். முதல் வீட்டில் மாமாவுக்கு அடிபட்டுவிட்டது என்று சொன்னேன். அடுத்த வீட்டில் வண்டி அவர் மேல் ஏறிவிட்டது. டீக்கடையை எட்டியபோது ஏறிய வண்டி பின்னால் வந்து மறுபடியும் ஏறியிருந்தது. அதில் எஞ்சின் இல்லை என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். ஒருவர்கூடக் கேட்கவில்லை.

"உசுரு இருக்குதாடா சாமி?" என்றார் டீக்கடைக்காரர்.

"இல்லீங்க" என்றேன். ஒரு சாவை இவ்வளவு மரியாதையாக யாரும் அறிவித்திருக்க மாட்டார்கள்.

ஒருவர் உடனே மொபெட்டை எடுத்துக்கொண்டு கெங்கவல்லியில் இருக்கும் பெரியம்மாவுக்குப் போன் போடப் போனார். பெரியம்மா அம்மாவுக்கும் மாமாவுக்கும் மூத்தவள். மற்றவர்கள் ஆற்றங்கரைக்கு ஓடினார்கள். மாமாவின் மனைவியான என் அத்தை தலை அவிழ்ந்து விழ முன்னால் ஓடினாள். அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு பின்னால் ஓடினாள். நான் அவளுக்கும் பின்னால், ஒரு கொள்ளி வைத்தவன் முகத்தோடு.

எல்லோரும் வண்டியைச் சுற்றி நின்று ஓவென்று அழுதார்கள். அப்போது சட்டத்தின் மறுபக்கத்தில் ஒரு தலை வெளியே வந்தது. முடி, மூக்கு, மீசை எல்லாம் சிவப்பு.

"ஏங்க்கா, யாரு போய்ச் சேந்தது?" என்று கேட்டது.

அத்தை அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். டீக்கடைக்காரர் இரண்டடி பின்னால் போனார்.

அம்மாதான் பதில் சொன்னாள். "நீதான்டா."

மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "துருத் தண்ணிங்க்கா. உளி பட்டதும் பொத்துக்கிட்டு மூஞ்சியிலேயே அடிச்சிருச்சு. கண்ணையும் வாயையும் மூடிக்கிட்டுப் படுத்துட்டேன். இன்னும் ரெண்டு பொத்தல் போட்டா மிச்சமும் வடிஞ்சிரும். மேல ரெட் ஆக்சைடு அடிச்சா பத்து வருசத்துக்குக் கவலையில்லை." சொல்லிவிட்டுத் தலையை மறுபடியும் உள்ளே இழுத்துக்கொண்டார். டங் டங் தொடர்ந்தது.

"உங்க மருமவந்தாங்க சொன்னான், நீங்க செத்துட்டீங்கன்னு" என்று டீக்கடைக்காரர் குனிந்து உள்ளே பார்த்துச் சொன்னார். "கெங்கவல்லிக்கு வேற போன் போயிருச்சுங்க."

டங் டங் நின்றது.

"பெரியக்காளுக்கா?"

"ஆமாங்க."

மாமா பயப்படுகிற ஒரே ஆள் பெரியம்மா. அவள் கெங்கவல்லியிலிருந்து அழுதுகொண்டே வந்து, தம்பி உயிரோடு நிற்பதைப் பார்த்தால் என்ன செய்வாள் என்பது அவருக்குத் தெரியும். சுத்தியலைப் போட்டுவிட்டு, உளியை மட்டும் பிடித்தபடி சரசரவென்று வெளியே வந்தார். வந்து என்னைப் பார்த்தார்.

நான் ஓடினேன். தலையிலிருந்து துரு சொட்டச் சொட்ட, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே பின்னால் வந்தார். கரும்புக்காட்டு வரப்பில் என் காதைப் பிடித்துவிட்டார். பிடித்த கை திருகத் தொடங்கும் நேரத்தில் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தம் இல்லை. கரும்பை முழங்காலில் வைத்து ஒடித்தது போல ஒன்று. அடுத்து இன்னொன்று. அப்புறம்தான் தகரம் தரையில் இறங்கும் சத்தம்.

திரும்பிப் பார்த்தோம். வண்டி நடுவில் மடங்கிக் கிடந்தது. முறிந்த குழாயில் இரும்பு ஒரு அப்பளத்தின் கனம்கூட இல்லை. பச்சைப் பெயின்ட்தான் பழைய துணிபோல் கிழிந்து தொங்கியது. இத்தனை நாளும் படகைத் தாங்கியது அதுவோ என்னவோ. மாமா தலைக்கு மடித்துப் போட்டிருந்த சாக்கின்மேல் படகு உட்கார்ந்திருந்தது. சுத்தியலின் பிடி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அழவந்த கூட்டம் அழுகையை மறந்து நின்றது. என் காதில் இருந்த கை திருகவில்லை, எடுக்கவும் இல்லை. நடுங்கிக்கொண்டிருந்தது. கோபம் ரொம்ப முற்றிவிட்டது என்று நினைத்து நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அம்மா வேகமாக நடந்துவந்தாள். எனக்குத்தான் என்று முதுகைத் தயாராக வைத்துக்கொண்டேன். பளார் என்று அறை விழுந்தது, மாமாவின் கன்னத்தில். "எறக்கி வெச்சுட்டுப் பாருன்னு சொன்னேனா இல்லியா" என்றாள். அப்புறம் அவர் தலையைத் தோளோடு சேர்த்துக்கொண்டு அழுதாள். சேலையெல்லாம் துரு. சற்றுமுன் செத்த தம்பிக்கு அழுததைவிட இப்போது இன்னும் மோசமாக அழுதாள். ஒரு தகரப் படகு நசுங்கியதற்குப் பெரியவர்கள் இவ்வளவு ஆடிப்போவார்களா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

சாயங்காலம் பெரியம்மா ரோஜா மாலையோடு வந்து இறங்கினாள். தம்பியைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தாள். அப்புறம் திட்டினாள், ராத்திரிச் சாப்பாடுவரை. மாலை வீணாக வேண்டாம் என்று மறுநாள் பூஜையில் படகுக்குப் போட்டார்கள்.

இப்போது எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷத்துக்குப் போனாலும், ஒன்பது வயதில் கத்திக் கூப்பாடு போட்டு மாமாவின் உயிரைக் காப்பாற்றியவன் என்றுதான் என்னைக் காட்டுகிறார்கள். நானும் இதுவரை மறுத்ததில்லை. பந்தியில் நல்ல இடம் கிடைக்கிறது.

ஆனால் நான் கத்தி வந்த கூட்டத்தைப் பார்த்தும் மாமா உள்ளேதான் போனார். அவர் வெளியே வந்தது என்னை அடிப்பதற்கு.