ஊசியில் கோத்த சந்தேகம்

கரும்பலகை சரியாகத் தெரியாத கண்களோடு பள்ளியில் முதல் மதிப்பெண். இரண்டு முறை திருப்பி அனுப்பிய அருங்காட்சியகத்தில் மூன்றாம் முறை உதவியாளர் வேலை. அந்துருண்டை நெடியில் ஆறு மாதம் தாங்க மாட்டாள் என்றார்கள். இருபத்திரண்டு வருடம் ஆகிறது. இவ்வளவையும் வென்ற என் தங்கை, ஜன்னல் வெளிச்சத்தில் மாவுப் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"மேல ஒட்டினது ஒண்ணு, உள்ள இருக்கிறது ஒண்ணுன்னா?"

சீட்டு எதையும் அவள் நம்புவதில்லை. மாப்பிள்ளை படம் வந்தபோதும் முதலில் பின்பக்கத்தைத்தான் பார்த்தாள். "எப்ப எடுத்தது, எங்க எடுத்தது, ஒண்ணுமே எழுதலையேக்கா. இத வெச்சு இவர் யார்னு எப்படிச் சொல்றது?"

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "கட்டிக்கத்தான்டி காட்டினோம், ஊசி குத்தி வைக்கவா காட்டினோம்?"

அவள் இருப்பது பூச்சிப் பிரிவில். அங்கே ஒவ்வொரு வண்டும் ஓர் ஊசியில் நிற்கும். அதே ஊசியில், வண்டுக்குக் கீழே, நகம் அளவுச் சீட்டுகள்: பிடித்த இடம், நாள், ஆள். அதற்கும் கீழே, இது இன்ன இனம் என்று முடிவு சொன்னவரின் கையெழுத்து. முடிவு தவறென்று பின்னால் ஒருவருக்குத் தோன்றினாலும் பழைய சீட்டைக் கழற்றக் கூடாது. தன் சீட்டை அடியில் கோக்க வேண்டும். பட்டம் இல்லாதவளைக் கையெழுத்துப் போட யார் விடுவார்கள்? பதினான்கு வருடம், சந்தேகம் வந்த இடத்தில் எல்லாம் பென்சிலால் ஒரு கேள்விக்குறி எழுதிக் கோத்து வந்தாள்.

ஒரு நாள் பிரிவுத் தலைவர் தம்முடைய சீட்டுக்கு அடியிலேயே அதைக் கண்டார். ஒரே பெட்டி, ஒரே இனம் என்று அவர் முடிவு கட்டிய முப்பத்தோரு சாண வண்டுகள், பன்னிரண்டில் கேள்விக்குறி.

"யார் வேல இது?"

"என் வேலதான் சார். மத்ததுக்கு முன்னங்கால் ஓரத்துல ரம்பம் மாதிரி நாலு பல்லு. இந்தப் பன்னெண்டுக்கு மூணுதான்."

"மண்ணு தோண்டித் தேஞ்சிருக்கும். பேர் இல்லாத சந்தேகம் மொட்டைக் கடிதாசிம்மா. நிரூபிச்சுக் கையெழுத்துப் போடு. இல்லன்னா இந்த அறைச் சாவியக் குடுத்துட்டு வாசல்ல டிக்கெட் கிழி."

ஏழு மாதம் தேடினாள். சாப்பிடும்போதுகூட என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். உண்மையில் அவள் சந்தேகப்பட்டது தன்னைத்தான். "நிஜமாவே தேஞ்சதா இருந்துட்டா, அக்கா?"

அலமாரியின் அடித்தட்டில் ஒரு ஜாடி கிடைத்தது. அதே ஊரில், அதே ஆண்டு, சாண உருண்டையை உடைத்து எடுத்த இரண்டு வண்டுகள். உருண்டைக்குள்ளேயே பிறந்து வளர்ந்து, இன்னும் வெளியே வராதவை. ஒரு பிடி மண்ணைக்கூடத் தோண்டாதவை. ஒன்றுக்கு நாலு பல், ஒன்றுக்கு மூன்று. இரண்டிலும் பற்கள் கூராகவே இருந்தன. வேறொருத்தி என்றால் அன்றைக்கே குதித்திருப்பாள். இவளோ, ஒன்று ஆணாகவும் மற்றது பெண்ணாகவும் இருக்குமோ என்று சந்தேகப்பட்டாள். இரண்டின் வயிற்றையும் திறந்து பார்த்தாள். இரண்டும் ஆண். பிறகு பழைய நூல்கள். "பேர் வைக்கிறது பெரிசில்லக்கா. ஏற்கெனவே எவனாவது வெச்சுட்டுப் போயிட்டானான்னு பாக்கறதுலதான் உயிர் போவுது." யாரும் வைத்திருக்கவில்லை.

தலைவர் உருப்பெருக்கியில் வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"சரி, போடு. ஆனா நாளைக்கு உன்னோடதும் தப்புன்னு ஒருத்தி வருவா."

"வரட்டும் சார்," என்று ஊசியின் அடியைக் காட்டினாள். "இன்னும் ரெண்டு சீட்டுக்கு இடம் விட்டிருக்கேன்."

வருகைப் பதிவேட்டில் அவள் தினமும் கிறுக்கியதை நான் கையெழுத்தாக எடுத்துக்கொள்வதில்லை. தலைவரின் சீட்டு இருந்த இடத்திலேயே இருக்க, அதற்கு அடியில் 'இது வேறு இனம்' என்று மையால் எழுதி, என் தங்கை முதன்முதலாகத் தன் பெயரை முழுதாகப் போட்ட நாள்: 11 ஆகஸ்ட் 2016.