மூன்று நாள் மூத்தவன்

போன வாரம் மகளின் பள்ளிச் சீருடையைத் தேய்க்கக் கொடுக்க ஒரு டோபி கடைக்குள் நுழைந்தேன். கஞ்சி போட்ட துணிமேல் சூடான இஸ்திரிப் பெட்டி படும்போது ஒரு வாசம் எழுமே, பாதி வடிகஞ்சி, பாதி கருகல், அது மூக்கில் ஏறியதும் குணா ஞாபகத்துக்கு வந்துவிட்டான். மற்றவர்களுக்கு இந்த வாசம் அம்மாவைக் கொண்டுவரும், பள்ளிக்கூடத்தைக் கொண்டுவரும். எனக்கு ஆறடி உயரத்தில், மீசையை ஒதுக்கிக்கொண்டே குறை சொல்லும் ஒருவன் வருகிறான். என்ன செய்வது, அவரவர் கொடுப்பினை.

நானும் குணாவும் ஒரே நாளில் ஒரே விமான நிறுவனத்தில் துணை விமானிகளாகச் சேர்ந்தோம். அவன் அப்பா கிள்ளான் பக்கம் மேருவில் லோரி ஓட்டியவர். என் அப்பா அம்பாங்கில் பள்ளி ஆசிரியர். இருவரும் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மாடியில் அறை எடுத்தோம். விமான நிலையத்துக்கு ரயில் ஏறும் இடம் நடக்கிற தூரம் என்பது ஒரு காரணம். வாடகை இன்னொரு காரணம். கீழே டோபி கடை. எங்கள் வெள்ளைச் சட்டைகள் அங்கேதான் வெளுத்து, தேய்த்து, படியேறி வரும். சட்டை மட்டும் பார்த்தால் நாங்கள் பெரிய ஆட்கள்தான்.

சொந்தக்காரர்களும் சட்டையை மட்டும்தான் பார்த்தார்கள். விமானி என்றால் வீட்டில் பணம் காய்க்கும் என்று நினைப்பு. பறக்கப் படித்த கடனுக்குச் சம்பளத்தில் பாதி போய்விடும் என்று யாரிடம் போய்ச் சொல்ல? கிள்ளானில் ஒரு கல்யாணத்தில் ஒரு ஆன்டி என்னை மேலும் கீழும் பார்த்து, "ஏன்பா, பைலட்டுங்கிறே, பழைய மோட்டார் சைக்கிள்ல வந்து இறங்குறியே?" என்று கேட்டார். "பார்க்கிங் ஈசி ஆன்டி," என்றேன். அவர் பக்கமிருந்து எனக்கு வந்துகொண்டிருந்த கல்யாணப் பேச்சு அதோடு நின்றது.

வேலை பிடிக்கவில்லை என்று சொன்னால் பொய். மழைமேகத்துக்குள்ளிருந்து வெளியே வந்து வெயிலில் மிதக்கிற அந்தக் கணத்துக்கு இன்றைக்கும் எனக்கு வார்த்தை கிடையாது. ஆனால் அது ஒரு கணம். மிச்சமெல்லாம் ரோஸ்டர். யார், என்றைக்கு, எங்கே பறக்க வேண்டும் என்று மாதக் கடைசியில் வரும் அட்டவணை. அது வந்த மறுநாளே மாற ஆரம்பிக்கும். ஊருக்குப் போகலாம் என்று பையைக் கட்டும்போது போன் அடிக்கும். குணா போனை வைத்துவிட்டுப் பையைக் கட்டிலின்மேல் வீசுவான். "இது ஒரு வேலையா லா? எங்கப்பா லோரி ஓட்டுனாரு, அவருக்குக்கூட ஞாயித்துக்கிழமை இருந்துச்சு!" பிறகு அரைமணி நேரம் பேசுவான். நான் அவனுக்கு எடுத்துக் கொடுப்பேன். அவன் களைத்தால் நான் ஆரம்பிப்பேன். எங்களுக்கு அப்போது வேறு பொழுதுபோக்கு இல்லை.

எங்கள் தொழிலில் எல்லாமே வரிசை எண்தான். லீவு, நல்ல பயணங்கள், கேப்டன் பதவி எல்லாம் அந்த வரிசைப்படி வரும். ஒரே நாளில் சேர்ந்தவர்களைப் பிறந்த தேதி வைத்து அடுக்குவார்கள். குணா என்னைவிட மூன்று நாள் மூத்தவன். அதனால் அவன் எனக்கு ஓர் எண் முன்னால். தீபாவளிக்கு ஒரு லீவுதான் மிச்சம் என்றால் அவன் வீட்டில் இருப்பான், நான் கூச்சிங்குக்குப் பறப்பேன். "அண்ணனுக்கு மரியாதை குடுடா," என்று சிரிப்பான். முதல் சில வருஷம் நானும் சிரித்தேன்.

பதினொரு வருஷம் வலது இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தோம். இடது இருக்கை கேப்டனுடையது. வருவதாகச் சொன்ன புது விமானங்கள் வரவில்லை. இதற்குள் இருவருக்கும் கல்யாணமாகி, அவன் மேருவுக்கே திரும்பிப் போனான், நான் சுங்கை பூலோவுக்கு வந்தேன். தோளில் இருந்த மூன்று கோடு கேப்டனின் நாலு கோடாக மாறவே இல்லை. கடைசியில் ஒரே ஓர் இடம் திறந்தது. அது யாருக்கு என்று கேட்க வேண்டியதில்லை.

குணா பயிற்சி முடித்துக் கேப்டன் ஆனான். அவன் மனைவி மாலதி போன் செய்தாள். "அண்ணே, ஞாயித்துக்கிழமை வீட்ல சாப்பாடு. அண்ணியையும் கூட்டிட்டுக் கட்டாயம் வந்துடணும்." அன்றைக்கு எனக்கு ஸ்டாண்ட்பை, எப்போது கூப்பிட்டாலும் ஓட வேண்டும் என்றேன். பொய். அன்றைக்கு வீட்டு வாசலில் காரைக் கழுவினேன். ஏற்கெனவே சுத்தமாக இருந்த கார். மறுபடியும் ஒரு தரம் கழுவினேன். என் மனைவி சன்னலிலிருந்து பார்த்துவிட்டுத் திரையை இழுத்துவிட்டாள். குணாமேல் எனக்குக் கோபமில்லை என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். பிறந்த தேதியின்மேல் ஒருவன் எப்படிக் கோபப்படுவது?

சில மாதங்களில் பெருந்தொற்று வந்தது. எல்லைகள் மூடின. விமானங்களின் இயந்திரங்களுக்கு உறை போட்டு வரிசையாக நிறுத்திவைத்தார்கள். நிறுவனம் ஆட்களைக் குறைத்தது. கேப்டன்களை ஒரு பட்டியலாகவும் துணை விமானிகளை இன்னொன்றாகவும் பிரித்து, இரண்டிலும் அடியிலிருந்து வெட்டினார்கள். கேப்டன்களில் கடைசி ஆள் குணா. துணை விமானிகளில் முதல் ஆள் நான். அவனுக்குப் பதவி கிடைக்காமல் இருந்திருந்தால் இருவருமே தப்பித்திருப்போம். நான் நாலு நாள் முன்னால் பிறந்திருந்தால் அந்தக் கடிதம் என் வீட்டுக்கு வந்திருக்கும்.

அவன்தான் போன் செய்தான்.

"ஒனக்கு லெட்டர் வந்துச்சா?"

"இல்லடா."

"நல்லது," என்றான்.

அந்த 'நல்லது'க்குள் ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். ஒன்றும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "குணா, அன்னிக்கு எனக்கு ஸ்டாண்ட்பை இல்லடா," என்றேன்.

"தெரியும். ஒன் ரோஸ்டர நானும் பாத்தேன். மட்டன் நல்லா இருந்துச்சு லா. நீதான் விட்டுட்டே," என்றான்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். போனை வைத்ததும் எனக்கு முதலில் வந்தது துக்கம் அல்ல. மகள் ஹாலில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். அப்பாடா என்று இருந்தது. துக்கம் வர இரண்டு நாள் ஆனது.

குணா மேருவில் ஒரு சரக்கு நிறுவனத்தில் லோரி ஓட்டினான். ஒரு வருஷத்தில் அலுவலகத்தில் உட்கார வைத்து, ஓட்டுநர்களுக்கு ரோஸ்டர் போடும் வேலையைக் கொடுத்தார்கள். அதற்கு அடுத்த வருஷம் எங்கள் நிறுவனம் அவனைத் திரும்பக் கூப்பிட்டது. ஆனால் துணை விமானியாக. புதிதாகச் சேர்ந்தவன் கணக்கில், வரிசையின் கடைசி எண்ணில், ஆரம்பச் சம்பளத்தில். எனக்குக் கேப்டன் பயிற்சி தொடங்கியிருந்த சமயம் அது. கிள்ளானில் 'மாமாக்' என்கிற முஸ்லிம் சாப்பாட்டுக் கடை ஒன்றில் சந்தித்தோம்.

"நீ என்ன சொல்றே?" என்று கேட்டான்.

"வாடா. பறக்காம உன்னால இருக்க முடியுமா?"

அவன் தே தாரிக் டீயை ஆற்றி ஒரு வாய் குடித்தான். "முடியாதுன்னுதான் நெனச்சேன். இப்ப முடியுது. மறுபடியும் பதினொரு வருஷம் வால்ல நின்னா அம்பது தாண்டிடும் மச்சான்."

"சம்பளம் ஏறும்ல?"

"ஏறும். ஆனா ஒரு நாள் ஒன் பக்கத்துல ஒக்காந்து 'யெஸ் கேப்டன்'னு சொல்லணும். நான் சொல்லிடுவேன். நீதான் தாங்கமாட்டே."

நான் தாங்கியிருப்பேனா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அவன் போகவில்லை. அவன் போடும் ரோஸ்டரை ஒட்டிவிட்டால் மாற்றவே மாட்டானாம். ஓட்டுநர் யாராவது படுத்துவிட்டால் லீவில் இருப்பவனைக் கூப்பிடாமல் இவனே சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவானாம். மாலதி புகார் மாதிரிதான் சொன்னாள், முகத்தில் பெருமை இருந்தது.

நாலாவது கோடு எனக்கு ஒரு செவ்வாய்க்கிழமை கிடைத்தது. ஓர் அலுவலக அறை, ஒரு கையெழுத்து, ஒரு போட்டோ. இவ்வளவுதானா என்று தோன்றியது. வீட்டில் சாப்பாடு வைத்தோம். முதலில் வந்து இறங்கியது குணா குடும்பம்தான். இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, எல்லார் முன்னாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். "கேப்டன்!" என்றான். கிண்டல் இல்லை.

அந்தக் கடைவீட்டை இடித்துவிட்டார்கள். அங்கே இப்போது கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது. குணாவும் நானும் பார்த்துக்கொள்வது வருஷத்துக்கு இரண்டு மூன்று தரம். பிள்ளைகள் படிப்பு, முட்டிவலி என்று பேசுகிறோம். வேலையைப் பற்றி அவனுக்குச் சொல்ல ஒரு குறையும் இல்லை. என் குறைகளை ஆரம்பித்தால் தலையாட்டிக் கேட்கிறான், எடுத்துக் கொடுப்பதில்லை. நானும் சுருக்கமாக முடித்துவிடுகிறேன்.

இப்போது என் வலப்பக்கம் உட்காருகிறவர்கள் எல்லாரும் இளைஞர்கள். மேலே ஏறி விமானம் நிதானப்பட்டதும், "ரோஸ்டர்லாம் எப்படி இருக்கு தம்பி?" என்று கேட்டுப் பார்க்கிறேன். "ஓகே, கேப்டன்." "சம்பளம்?" "ஓகே, கேப்டன்." ஒன்றும் ஓகே இல்லை என்று எனக்குத் தெரியும். எங்கோ ஒரு வாடகை அறையில் இவனும் இன்னொருவனிடம் அரைமணி நேரம் கொட்டுவான். அந்தப் பேச்சில் என் பேரும் அடிபடலாம். இங்கே மட்டும் சொல்லமாட்டான். நானும் மேற்கொண்டு கேட்பதில்லை.