மாமா காதால் தெரிந்தெடுத்த ஸ்பீக்கர்

எழுதிப் பழக்கமில்லாதவன் நான். பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவன். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவும் கூச்சப்படுபவன். இப்படிப்பட்டவன் பத்திரிகைக்கு எழுதத் துணிந்ததை வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். "எனக்கு இந்தக் கதையை எத்தனை தரம் சொல்லிட்டீங்கள், ஒருக்கா எழுதித்தான் பாருங்கோவன்" என்று மனைவி சொன்னதால்தான் பேனாவை எடுத்தேன்.

யுத்த காலம். யாழ்ப்பாணத்துக்குத் தரைப்பாதை மூடியிருந்தது. அங்கிருந்து கொழும்புக்கு வருவதென்றால் திருகோணமலைக்குக் கப்பலில் வந்து, அங்கிருந்து பஸ் ஏற வேண்டும். நாங்கள் கொழும்பில் கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டின் பின்பகுதியில் வாடகைக்கு இருந்தோம். என்னிடம் ஒரு பழைய பிக்கப் இருந்தது. மில்லில் அரைத்த மிளகாய்த்தூளையும் மல்லித்தூளையும் வெள்ளவத்தைக் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவதுதான் என் தொழில். வழியில் காலி வீதி என்ற பெருந்தெருவின் செக்பொயின்ட்டில் நிற்கும் ஆமிக்காரர்களுக்கு என் வண்டியைத் தெரியும். ஒருமுறை மூட்டைகளைக் கிளறிப் பார்த்துவிட்டு எல்லோரும் வரிசையாக நின்று தும்மினார்கள். அதன் பிறகு தூரத்தில் கண்டதுமே கையைக் காட்டிப் போகச் சொல்லிவிடுவார்கள்.

அப்படியான நாளில்தான் மாமா, மனைவியின் அப்பா, கண் ஒபரேஷனுக்காக யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து சேர்ந்தார். இரண்டு கண்ணிலும் வெண்படலம். ஆட்களை நிழல்போலத்தான் தெரியும். மாமியை அங்கே தனியே விட்டுவிட்டு வந்திருந்தார். ஒரு கண்ணையாவது முடித்துக்கொண்டு அடுத்த கப்பலில் திரும்பிவிட வேண்டும் என்பதே அவருடைய ஒரே எண்ணம்.

எனக்கும் மாமாவுக்கும் சண்டை சச்சரவு ஒன்றும் இருந்ததில்லை. பேச்சும் இருந்ததில்லை. அவர் முன்னால் நான் கதிரையில் உட்கார மாட்டேன். அவர் கேட்டால் "ஓம் மாமா" என்பேன். வேறு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் மனைவியிடம் சொல்வேன், அவள் அவரிடம் சொல்வாள். கல்யாணம் கட்டிய நாளில் இருந்து அப்படித்தான். அது மரியாதை என்றே நான் நினைத்திருந்தேன்.

இப்போது டொக்டரிடம் காட்டுவதற்கு வெள்ளவத்தைக்குப் போகும்போதெல்லாம் பிக்கப்பின் முன்சீட்டில் நாங்கள் இருவர் மட்டும். கொட்டாஞ்சேனையில் இருந்து பம்பலப்பிட்டி தாண்டும் வரைக்கும் ஒரு வார்த்தை இல்லை. ரேடியோதான் துணை. அதன் ஸ்பீக்கரோ கிழிந்து, குளவிக்கூடு மாதிரி இரைந்துகொண்டிருந்தது. செய்தியில் கப்பலைப் பற்றிச் சொல்லும்போது மாமா முன்னுக்குச் சரிந்து காதைக் கொடுப்பார். "என்னவாம், கப்பல் வெளிக்கிடுதாமோ?" என்பார். எனக்கும் விளங்கியிருக்காது. "ஓம் மாமா" என்பேன்.

ஒருநாள், "தம்பி, இதை மாத்தேலாதோ? கண்தான் இல்லை, காதாவது கேக்கட்டும்" என்றார். எனக்கு மனம் சுருக்கென்றது. அன்று பின்னேரமே இரண்டு கதவுகளின் உள்தட்டையும் கழற்றிப் பார்த்தேன். பழைய வண்டி, கதவு ஒடுக்கம். வண்டிக் கண்ணாடியை இங்கே ஷட்டர் என்போம். அது இறங்கும் வழியை விட்டால் உள்ளே மிஞ்சுவது இரண்டு விரல் இடம்தான். கையை விட்டு அளந்து வைத்துக்கொண்டேன்.

பஞ்சிகாவத்தையில் ஒரு சிறிய கடைக்கு அவரைக் கூட்டிப்போனேன். கடைக்காரர் ஒரு முஸ்லிம். நானா, அதாவது அண்ணன், என்றுதான் அவரை அழைப்போம். மாமாவை ஸ்டூலில் இருத்திவிட்டு, ஒவ்வொரு சோடியாக பற்றரியில் கொளுவி ரேடியோவைப் போட்டுக் காட்டினார். மாமா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முதல் சோடிக்கு, "தகர வாளிக்குள்ள நிண்டு கதைக்கிறார்" என்றார். அடுத்ததற்கு, "இவருக்குத் தடிமன், மூக்கடைச்சுக் கதைக்கிறார்." நானா சிரித்துக்கொண்டே அலுமாரியின் மேல் தட்டில் இருந்து ஒன்றை இறக்கினார். அது கதைக்கத் தொடங்கியதும் மாமா நிமிர்ந்தார்.

"இதுதான். இவர் முன்னால இருந்து கதைக்கிறார்."

"ஐயாட காது நல்ல காது" என்றார் நானா. "ஆனா பின்னுக்குக் காந்தத்தப் பாருங்க, தேங்காச் செரட்ட மாதிரி ஈக்குது. பழைய கதவுக்குள்ள ஷட்டர் எறங்க எடம் வேணுமே. அளந்தீங்களா தம்பி?"

மாமா என் பக்கம் முகத்தைத் திருப்பினார். "என்ன தம்பி, போகுமோ?"

அந்தக் காந்தம் மூன்று விரலுக்குக் குறையாது. பார்த்த உடனேயே எனக்குத் தெரிந்தது. ஆனால் அவருடைய முகத்தில் வந்திருந்த சந்தோஷத்தை அழிக்க எனக்கு வாய் வரவில்லை.

"போகும் மாமா" என்றேன்.

"போகாட்டி கொண்டு வாங்க, மாத்தித் தாறன்" என்றார் நானா. அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் வண்டியை நிறுத்தி வேலையைத் தொடங்கினேன். தேயிலைப் பெட்டிப் பலகையில் இரண்டு வளையம் வெட்டி, ஸ்பீக்கரை அதன்மேல் வைத்துக் கொஞ்சம் வெளியே தள்ளிப் பூட்டினேன். மாமாவின் பக்கம் ஒருவாறு சரிவந்தது. என்னுடைய பக்கத்தில் ஷட்டர் நாலு விரல் இறங்கி, காந்தத்தில் முட்டி நின்றது. தடித்த வளையம் ஒன்று வெட்ட வேண்டும். அதற்குள் மாமா வந்து சீட்டில் ஏறி இருந்து, "போடும் பாப்பம்" என்றார். போட்டேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "ஆள் நடுவில இல்லை. ரெண்டு பக்கமும் சிதறி நிக்கிறார்" என்றார். ஒரு பக்கத்து வயரை நான் மாறிக் கொடுத்திருந்தேன். திருப்பிக் கொடுத்ததும் குரல் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றது. "இப்ப வந்திட்டார்" என்று மாமா சிரித்தார். அதன் பிறகு திரும்பவும் கழற்ற வேண்டும் என்று நான் எப்படிச் சொல்வது? அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத நேரம் பார்த்துச் செய்துவிடலாம் என்று விட்டுவிட்டேன். என்னைத்தான் செக்பொயின்ட்டில் மறிப்பதில்லையே.

அந்த வாரமே ஒபரேஷன் நடந்தது. மறுநாள் காலை கட்டுப் பிரிக்க வரச் சொன்னார்கள். தலையைக் குனியக்கூடாது, உலுக்கக்கூடாது, கட்டின் மேல் யாரும் கைவைக்கக்கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஒரு கண்ணை மூடிப் பெரிய கட்டு. மற்றக் கண்ணில் நிழல்தான் தெரியும். அவரைத் தூக்காத குறையாக ஏற்றி, குழிகளுக்கு விலத்தி விலத்தி ஓட்டிக்கொண்டு போனேன்.

அன்று வண்டி வெறுமை. மிளகாய் மூட்டை ஒன்றுகூட இல்லை. செக்பொயின்ட்டில் வழக்கமாக நிற்பவர்களும் இல்லை. புதிய முகங்கள். ஒரு இளம் ஆமிக்காரர் கையைக் காட்டி மறித்தார்.

"ஷட்டர் எக்க பாத் கரன்ன" என்றார். கண்ணாடியை இறக்கு என்று அர்த்தம்.

நான் சுற்றினேன். நாலு விரல். டக்கென்று நின்றது. அவர் திரும்பவும் சத்தமாகச் சொன்னார். நான் கையைக் கீழே வைத்து இன்னும் பலமாகச் சுற்றினேன். வெளியே நிற்கும் அவருக்கு என் கை தெரியாது, தோள் அசைவது மட்டும்தான் தெரியும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது அவர் நீட்டிய துவக்கின் குழல்வாய் கண்ணாடிக்கு நேரே இருந்தது.

அதற்குப் பிறகு நடந்தவை துண்டு துண்டாகத்தான் நினைவில் இருக்கின்றன. கதவைத் திறந்து என்னை இறக்கினார்கள். இரண்டு கையையும் பொனற்றின் மேல் வைக்கச் சொன்னார்கள். பின்னால் வந்த வாகனங்களை மறித்துவிட்டார்கள். திறந்த கதவில் புதிதாக வெட்டிய துளையும், பலகை வளையமும், கறுப்பு நாடா சுற்றிய வயரும் அப்படியே தெரிந்தன. உள்ளே தலையில் கட்டோடு ஒரு மனிதர். அவருடைய அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம். அந்த நாட்களில் இவை எல்லாம் சேர்ந்தால் என்ன அர்த்தம் என்பதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இளையவர் மாமாவின் பக்கம் போனார். கட்டை அவிழ்த்துவிட்டு இறங்கச் சொன்னார். மாமா அசையவில்லை. அவர் கதவைத் திறந்து, கட்டை நோக்கிக் கையை நீட்டினார்.

"எப்பா" என்றேன் நான்.

சிங்களத்தில் அது 'வேண்டாம்' என்ற சொல். சொன்ன விதத்தில் 'செய்யாதே' என்று அதட்டியதைப் போலத்தான் இருந்தது. துவக்கு வைத்திருக்கும் ஒருவரிடம் அப்படிச் சொல்வார்களா? என்னுடைய குரல்தானா என்று எனக்கே சந்தேகம். சொன்னது சொன்னதுதான், நிறுத்த முடியவில்லை. எனக்குத் தெரிந்த உடைந்த சிங்களத்தில், கண், நேற்று ஒபரேஷன், தொட்டால் பார்வை போய்விடும், கதவில் இருப்பது ஸ்பீக்கர், பூட்டியது நான், பிழை என்னுடையது, என்னைக் கொண்டுபோங்கள், அவரைத் தொடாதீர்கள் என்று ஒன்றின்மேல் ஒன்றாகக் கொட்டினேன்.

இளையவர் துவக்கை என் பக்கம் திருப்பினார். அப்போது மாமா உள்ளேயிருந்து கதைக்கத் தொடங்கினார். அவர் ரயில்வேயில் தென்பகுதி ஸ்டேஷன்களில் வருடக்கணக்காக வேலை செய்தவர். சிங்களம் தண்ணீர் மாதிரி வரும். தலையைக் கொஞ்சமும் திருப்பாமல், நிதானமாக, "புத்தே" என்று, மகனே என்று அழைத்து, ரேடியோவைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றார்.

ஆனால் அந்த சுவிச்சை யார் போடுவது? போட்டதும் குண்டு வெடிக்குமோ என்று அவர்களுக்குப் பயம். அவர்களையும் குறை சொல்ல முடியாது. சார்ஜன்ட் போன்ற ஒரு மூத்தவர் வந்து எல்லோரையும் தூரப் போகச் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து, நீயே போடு என்று சைகை காட்டினார். மாமாவை இறக்கி வைக்கவா என்று நினைத்துத் தயங்கினேன்.

"போடும் தம்பி. நான் இருக்கிறன்" என்றார் மாமா.

வண்டித் திறப்பைத் திருப்பி ரேடியோவைப் போட்டேன். ஒரு பெண்மணி கத்தரிக்காயை நீளவாக்கில் வெட்டி உப்புத் தண்ணீரில் போடச் சொன்னார். தெளிவான குரல். எங்கள் நடுவில் வந்து இருந்து சொல்வதைப் போலவே இருந்தது. தூர நின்றவர்களில் ஒருவர் முதலில் சிரித்துவிட்டார்.

என்றாலும் அவர்கள் கடமையை விடவில்லை. இளையவர் என் பக்கத்து ஸ்பீக்கரைக் கழற்றி வயரை வெட்டி எடுத்தார். மூத்தவர் கைபிடியைச் சுற்றிப் பார்த்தார். ஷட்டர் தடையில்லாமல் அடிவரை இறங்கியது. ஸ்பீக்கரின் காந்தத்தையும் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. இவ்வளவு பெரியதை ஏன் வாங்கினாய் என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் மாமா சிங்களத்திலேயே பதில் சொன்னார்.

"நான்தான் தெரிந்தெடுத்தேன். அது போகாது என்று இவருக்குத் தெரிந்திருக்கும். எனக்கு முன்னால் இவர் வாய் திறப்பதில்லை. கல்யாணம் கட்டியதில் இருந்து இன்றைக்குத்தான் இவருடைய குரலை நான் முழுதாகக் கேட்டேன். அதுவும் சிங்களத்தில்."

மூத்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். தன் மாமனார் வீட்டிலும் இதே கதைதான், பசித்தாலும் மனைவியிடம்தான் சொல்ல வேண்டும் என்றார். பிறகு ஸ்பீக்கரை மாமாவின் மடியில் மெதுவாக வைத்து, தலையை உலுக்காமல் ஓட்டும்படி எனக்குச் சொல்லிவிட்டுப் போனார். இளையவர் ரோட்டில் சிதறிக் கிடந்த ஸ்க்ரூக்களைப் பொறுக்கி என் சேர்ட் பொக்கற்றுக்குள் போட்டுவிட்டார்.

கொஞ்ச தூரம் போன பிறகு மாமா கேட்டார்.

"நீர் அளந்து பாத்தனீரோ?"

"ஓம் மாமா."

"எவ்வளவு இடம்?"

"ரெண்டு விரல்."

"அப்ப ஏன் அண்டைக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் அதைத்தானே விரும்பினீங்கள்."

"விசர் வேலை" என்றார். பைத்தியக்காரத்தனம் என்று அர்த்தம், ஆனால் கோபமாகச் சொல்லவில்லை. மடியில் இருந்த ஸ்பீக்கரைத் தடவிக்கொண்டே, "நான் கேட்டது போகுமோ எண்டுதானே. விருப்பமோ எண்டு கேக்கேல்லையே" என்றார்.

வெள்ளவத்தையில் டொக்டர் கட்டைப் பிரித்தார். எத்தனை விரல் என்று கேட்டார், மாமா சரியாகச் சொன்னார். பிறகு சுற்றிவர ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்து, கதவோரம் நின்ற என்னில் கண்ணை நிறுத்தினார். பல வருடங்களாக அவர் என் முகத்தைச் சரியாகக் கண்டதில்லை.

"நரைச்சுப் போனீர் தம்பி" என்றார். "வாரும், இதில இரும்."

பக்கத்தில் இருந்த கதிரையில், அவருக்கு முன்னால், முதல்தடவையாக இருந்தேன்.

இன்றைக்கும் யாருக்காவது பயந்தோ மரியாதை கொடுத்தோ தெரிந்ததைச் சொல்லாமல் நான் வாயை மூடப் போகும்போது, அந்த நாலு விரல் இடைவெளியில் தெரிந்த துவக்கு நினைவுக்கு வருகிறது, கூடவே மாமா தந்த கதிரையும்.

கட்டுப் பிரித்த அடுத்த நாள் இருவருமாகப் பஞ்சிகாவத்தைக்குப் போய் அந்தச் சோடியைக் கொடுத்துவிட்டு மெல்லிய சோடி ஒன்று வாங்கினோம். சத்தம் போதாது, காணாது என்றார் மாமா. காணும் மாமா என்றேன் நான்.