ஆமாம் தொட்டு இல்லை என்று மாற்றுகிறவள்

'ஆமாம்' என்பதைத் தொடுகிறாள். கீழே ஒரு பெட்டி திறக்கிறது. உடனே மனசு மாறி 'இல்லை' என்பதைத் தொடுகிறாள். பெட்டி மறைகிறது. நிஜமாகவே மறைந்துவிட்டதா என்று திரைக்கு மூக்கு ஒட்டுகிற அளவுக்குக் குனிந்து பார்த்துவிட்டு, மறுபடியும் 'ஆமாம்'. பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு எரிச்சல் வரும். ஆனால் அவளுக்குச் சம்பளம் கொடுப்பதே இதற்காகத்தான்.

இணையத்தில் மக்கள் நிரப்புகிற விண்ணப்பங்களை, வெளியே விடுவதற்கு முன்னால் குடைந்து பார்ப்பது அவள் வேலை. இந்த விண்ணப்பங்களில் எல்லாக் கேள்வியும் எல்லாருக்கும் கிடையாது. வாடகை வீடா என்பதற்கு 'ஆமாம்' என்றால் வீட்டுக்காரர் பெயரைக் கேட்கும். அதை எழுதாமல் நகர விடாது. 'இல்லை' என்றால் அந்தக் கேள்வியே இருக்கக் கூடாது. இவ்வளவுதான் விதி. இதை நிரலாக எழுதுகிற பிள்ளைகள் ஒரே மூச்சில் எழுதிவிடுவார்கள். 'ஆமாம்' சொன்னவர் கடைசிவரை ஆமாமிலேயே நிற்பார் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. அவளுக்கு அந்த நம்பிக்கை வரவே வராது. அவளே அப்படி நின்றதில்லை.

"ஒருவேளை கை தவறித் தொட்டுட்டு அப்புறம் மாத்தினா?" என்பாள். "ஒருவேளை பாதியில ஃபோன் வந்து, பேசிட்டுத் திரும்பி வந்தா?" இப்படியே அலுவலகத்தில் அவளுக்கு 'ஒருவேளை அக்கா' என்று பெயர் விழுந்துவிட்டது. முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

வீட்டிலும் இதே கதைதான். பழுப்புச் செருப்பு வாங்கிக்கொண்டு தெருமுனை வரை வந்து, கறுப்பே எடுத்திருக்கலாமோ என்று கடைக்குத் திரும்பிப் போவாள். கறுப்பை வாங்கிக்கொண்டு வரும்போது பழுப்பை நினைத்துப் பெருமூச்சு விடுவாள். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அவள் கணவர் இதையெல்லாம் பார்த்துப் பார்த்துப் பக்குவப்பட்டவர். "கல்யாணத்துக்கே முதல்ல சரின்ன, அப்புறம் வேணாம்ன, மறுபடி சரின்ன. நல்லவேளை, அந்த இடத்துல புடிச்சு நிறுத்திட்டேன்" என்பார். அவளும் சேர்ந்து சிரிப்பாள். சிரித்து முடித்ததும் அடுப்பை அணைத்தோமா என்று எழுந்து போவாள்.

வயிறுதான் அவளுக்கு முதலில் சேதி சொல்லும். ஏதாவது சரியில்லை என்றால் கண் பார்ப்பதற்கு முன்னால் வயிறு பிசையும். டாக்டர், கணவர், மேலாளர் மூன்று பேரும் சொல்லிவைத்ததுபோல ஒன்றையே சொன்னார்கள்: கவலையைக் குறை. போன மாதம் அவளும் ஒரு தடவை குறைத்துப் பார்த்தாள். அது ஓர் அறக்கட்டளையின் விண்ணப்பம். காது கேளாத குழந்தைகளுக்கு இலவசக் கருவி கொடுக்கிறார்கள். எல்லாம் சோதித்து முடித்த பிறகு, ஒரு கேள்வியை மட்டும் கட்டாயமாக்கச் சொன்னார்கள். "ஒரு சிவப்பு நட்சத்திரம் சேர்த்திருக்கோம், அவ்வளவுதாம்மா. மறுபடி முதல்ல இருந்தா? போதும், விடு" என்றார் மேலாளர். அவளும் விட்டாள். அன்று சாயங்காலம் வயிறு பிசையவில்லை என்பதே அவளுக்குப் பெருமையாக இருந்தது.

விண்ணப்பத்தின் கடைசி நாளன்று, சாப்பிட்டுக்கொண்டிருந்தவளிடம் மேலாளர் வந்து உற்சாகமாகச் சொன்னார்: "பாத்தியா? ஒரு புகார்கூட வரல." எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். அவளுக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. இத்தனை ஜனம் வந்துபோன இடத்தில் ஒருத்தர்கூடவா தடுக்கி விழவில்லை? கை கழுவிவிட்டு வந்து புகார்ப் பக்கத்தைத் திறந்தாள். 'விண்ணப்பத்தில் சிக்கல்' என்று தேர்ந்தெடுத்ததும், விண்ணப்ப எண்ணைக் கட்டாயம் எழுது என்றது. விண்ணப்பத்தை அனுப்பி முடித்தால்தான் அந்த எண் கிடைக்கும். அனுப்ப முடியாதவர் எந்த எண்ணை எழுதுவார்?

விண்ணப்பத்தைத் திறந்தாள். 'குழந்தை ஏற்கெனவே கருவி அணிகிறதா?' ஆமாம் தொட்டாள். சிவப்பு நட்சத்திரத்தோடு கருவியின் எண்ணைக் கேட்கும் பெட்டி வந்தது. இல்லை என்று மாற்றினாள், பெட்டி போனது. மற்றதையெல்லாம் நிரப்பி, அனுப்பு என்று அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். கல் மாதிரி கிடந்தது. பெட்டி மறைந்துவிட்டது, அதன் கட்டாயம் மட்டும் மறையாமல் உள்ளே உட்கார்ந்திருந்தது. பிழையைச் சொல்லும் சிவப்பு எழுத்தும் பெட்டியோடு சேர்ந்து மறைந்துபோனதால், என்ன குறை என்று சொல்லக்கூட அங்கே ஒன்றும் இல்லை.

நிரல் எழுதிய தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"ஒரு கேள்விக்கு ஒரு பதில்தானேக்கா? யாருக்கா இப்படி மாத்தி மாத்திப் போடுவாங்க?" என்றான்.

"வீட்ல உடைஞ்ச மிஷின் வச்சிருக்கறவங்க போடுவாங்க. இருக்குன்னு ஆமா போடுவாங்க. வேலை செய்யலையேன்னு இல்லைக்கு மாத்துவாங்க."

தம்பியின் முகம் மாறிவிட்டது. உட்கார்ந்து, ஒரு காப்பி ஆறுவதற்குள் விண்ணப்பம், புகார்ப் பக்கம் இரண்டையும் சரிசெய்துவிட்டான். அவள் நகரவில்லை.

"இதுவரைக்கும் எத்தன பேர் திரும்பிப் போயிருப்பாங்க தம்பி?"

"தெரியாதுக்கா. பட்டன் நகரலைன்னா நம்ம பக்கம் எதுவுமே வராது."

அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் வேலை நடக்காது என்பதால் மேலாளரிடம் போனாள். "அதான் சரி பண்ணியாச்சே. இப்ப ஊருக்கெல்லாம் தண்டோரா போடணுமா?" என்றார் அவர். இவள் கதவோரமே நின்றாள். சண்டை போடத் தெரியாது, நிற்கத் தெரியும். "சார், ஒருவேளை..." என்றாள். அவர் அறக்கட்டளைக்கு ஃபோன் போட்டார். சும்மா சொல்லக் கூடாது, மறைக்காமல் சொன்னார். அவர்கள் இன்னும் ஒரு நாள் அவகாசம் கொடுத்தார்கள். தாங்கள் நடத்திய காது பரிசோதனைக்கு வந்த எல்லா வீடுகளுக்கும் செய்தி அனுப்புவதாகச் சொன்னார்கள்: விண்ணப்பம் அனுப்ப முடியாதவர்கள் இந்த எண்ணைக் கூப்பிடவும்.

"எந்த நம்பர் குடுக்கறது? நம்ம ஆபீஸ் நம்பர்ல மெஷின்தானே பேசும்" என்றார் மேலாளர்.

"என் நம்பர் குடுங்க சார்."

"நேரங்காலம் பாக்காம கூப்பிடுவாங்கம்மா."

"கூப்பிடட்டும்."

செய்தி போய்விட்டது. ஃபோனை மேஜைமேல் நேராக வைத்தாள். சத்தம் கூட்டியிருக்கிறோமா என்று பார்த்தாள். அடித்துவிடுமோ என்றும் பயம், அடிக்காமலேயே போய்விடுமோ என்றும் பயம். தெருவில் வண்டி ஹாரன் கேட்டதற்கெல்லாம் திரையைத் தொட்டுப் பார்த்தாள். தம்பி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டான்.

ஃபோன் அடித்தது. ஓர் ஆண்குரல், பின்னால் இரும்பு அறுக்கிற சத்தம்.

"வணக்கம்மா. ஏதோ மெசேஜ் வந்துச்சு... தொந்தரவா நெனைக்காதீங்க. பொண்ணோட காது மிஷின் கீழ விழுந்து உடைஞ்சு போச்சு. அதான் எழுதிப் போடலாம்னு. பட்டறை முடிஞ்சு வந்து தினமும் அழுத்திப் பாத்தேன். நகரல. நமக்குப் படிப்பு பத்தாது, நான்தான் எங்கயோ தப்பு பண்றேன்னு விட்டுட்டேன். பொண்ணுகிட்டகூட, அப்பாவுக்குத் தெரியலம்மான்னு சொல்லிட்டேன்."

அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு, அந்த மனிதர் எதிரே வந்து நிற்பதுபோல எழுந்து நின்றாள்.