ரசமட்டத்தின் கணக்கில் வராத பாரம்

"இந்தப் படகுல ஏறுறது பொருளோ ஆளோ, கண்ணால பார்த்தே எடை சொல்லுவேன். எது எங்க உக்காந்தா அலை எப்படி எழும்பும்னு எனக்குத் தெரியும். நான் போட்ட அலையில ஒருத்தர் விழுந்தா, தப்பு அவரோடது. அலையோடது இல்ல."

இந்தப் பிரகடனத்தை வெளியிட்டவர் ஏரிக்கரைப் படகு கிளப்பின் மெக்கானிக். கேட்டுக்கொண்டிருந்தவர், அப்போதுதான் அலையிலிருந்து விழுந்து, மூக்கில் ஏறிய தண்ணீரைச் சிந்திக்கொண்டிருந்த ஒரு பல் டாக்டர். மறுத்துப் பேசும் நிலையில் அவர் இல்லை. அதனால் பிரகடனம் ஏகமனதாக நிறைவேறியது.

மெக்கானிக்குக் கிளப்பில் 'ரசமட்டம்' என்று பெயர். கொத்தனார் வைத்துப் பார்க்கும் ரசமட்டத்தில் குமிழி எங்கே நிற்குமோ, அதை இவர் ஒரு கண்ணை மூடிப் பார்த்தே சொல்லிவிடுவார். நிற்கிற படகை மட்டுமல்ல, சாப்பாட்டு மேசை, சுவரில் மாட்டிய காலண்டர், பிறர் தலையில் எடுத்த வகிடு என்று எதையும் அவர் சும்மா விட்டதில்லை.

அவருடைய தொழில் இதுதான். படகின் பின்னால் எழும் அலைமேல், பிடித்த கயிற்றையும் விட்டுவிட்டு, பலகையில் நின்றபடி சறுக்கிக்கொண்டே வருவது ஒரு விளையாட்டு. கடல் வேண்டாம், படகே அலையைப் போட்டுத் தரும். ஆனால் சும்மா தராது. பின்மூலைகளில் உள்ள பெரிய பைகளில் ஏரித் தண்ணீரையே பம்ப் வைத்து நிரப்பி, படகின் பின்பக்கத்தை அமுக்க வேண்டும். இடப்பக்கம் அலை வேண்டுமென்றால் இடப்பக்கம் பாரம் தூக்கலாக இருக்க வேண்டும். படகின் வாலில் இரண்டு பக்கமும் தகடுகள் உண்டு, சுவிட்சைத் தட்டினால் இறங்கும். இடப்பக்க அலைக்கு வலப்பக்கத் தகட்டை இறக்க வேண்டும். ஒருவரைத் தூக்கிவிட இன்னொருவரை அமுக்குவது என்னும் நடைமுறை அலுவலகங்களில் மட்டுமல்ல, தண்ணீரிலும் அமலில் இருக்கிறது.

பைகள் போதாத குறைக்கு மணல் மூட்டைகளும் உண்டு. ஒவ்வொன்றையும் கொட்டகையில் இருக்கும் தராசில் நிறுத்துத்தான் படகில் ஏற்றுவார். கடைசிப் பாரமாகத் தாமே ஏறி, இடப்பக்க இருக்கையில் அமர்வார். தம்மை எழுபத்தைந்து கிலோ என்று கணக்கில் வைத்திருந்தார். கல்யாணத்துக்கு முந்தின மாதம் பார்த்த எடை. நல்ல எடையாக அமைந்துவிட்டது, அதை மாற்றுவானேன்?

அவர் போட்ட அலையில் பல் டாக்டர் பிற்பாடு சிலைபோல நின்றார். பள்ளிக்கூட வாத்தியார் நின்றார். வாத்தியாரின் நாயும் நின்றது. நிற்காதவர் ஒருவரே: ரசமட்டத்தின் மனைவி.

அந்த அம்மாள் வங்கியில் காசாளர். இருபத்தைந்து வருடம் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தே வேலை பார்த்தவர், ஒருநாள் திடீரென்று, "நானும் நின்னு பார்க்கிறேன்" என்றார். அவராகத் தமக்கென்று எதையும் கேட்டு ரசமட்டம் பார்த்ததில்லை. அகமகிழ்ந்து ஒரு பலகையும் வாங்கிக் கொடுத்தார். ஞாயிறுதோறும் இருவரும் ஒரே படகில் போனார்கள். அந்த ஒரு காலைக்காக மற்ற ஆறு நாளையும் ரசமட்டம் தள்ளிக்கொண்டிருந்தார் என்பது பரம ரகசியம். படகு ஓட்டுகிற மைத்துனனுக்கு மட்டும் தெரியும்.

சிக்கல் என்னவென்றால், அம்மாள் எழுந்து நிற்பார், கயிற்றை விடுவார், விழுவார். வாராவாரம் இதே வரிசை. ஒரே ஒரு தடவை ஏரியின் பாதித் தூரம் நின்று வந்தார். அன்றைக்கு ரசமட்டம் இடப்பக்க இருக்கைக்கு அடியில் தலையை விட்டு, கழன்ற பம்ப் குழாயை மாட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்க பார்க்காதப்ப மட்டும் நல்லா வருது" என்றார் மனைவி.

"அதிர்ஷ்டம்" என்று தீர்ப்பளித்தார் ரசமட்டம்.

போன ஞாயிறு வீடு திரும்பியதும், துண்டைக் கொடியில் போட்டபடி அம்மாள் கேட்டார். "அலையில ஏதாவது குறை இருக்குமா?"

"அலையிலயா?" ரசமட்டம் சிரித்தார். சிரித்திருக்கக் கூடாது. "டாக்டர் நிக்கிறாரு. நாய் நிக்குது. அலையில தப்பு இல்லம்மா."

"அப்ப என்கிட்டதான் தப்பு."

"நான் அப்படிச் சொல்லலையே."

"நாயையே சொல்லிட்டீங்க, இன்னும் என்ன சொல்லணும்? அடுத்த வாரம் கடைசி. விழுந்தா பலகையை யாருக்காவது கொடுத்துடுங்க. ஞாயித்துக்கிழமை நான் வீட்டுல தூங்கிக்கிறேன்."

அந்த வாரம் முழுவதும் ரசமட்டத்துக்குச் சோறு இறங்கவில்லை. பைகளை நிரப்பினார், வடித்தார், மறுபடி நிரப்பினார். தகட்டை இம்மி இறக்கினார், இம்மி ஏற்றினார். மணல் மூட்டைகளை, புது வீட்டில் சாமான் அடுக்குகிறவரைப்போல இடம் மாற்றி இடம் மாற்றி வைத்தார். சனிக்கிழமை வாத்தியாரை நிறுத்திச் சோதித்தார். அலை கண்ணாடிபோல வழவழவென்று எழும்பியது. வாத்தியார் அதன்மேல் நின்று பாட்டுப் பாடினார். அலை சரி. அப்படியானால் பலகை போய்விடும். பலகை போனால் ஞாயிறு போய்விடும்.

விடிந்தது. மைத்துனன் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தான். அம்மாள் லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிக்கொண்டு, கணவரைப் பாராமலே தண்ணீரில் இறங்கினார். படகு இழுத்தது. அவர் எழுந்து நின்றார்.

ரசமட்டமும் எழுந்து நின்றார்.

இங்கே ஒரு விவரம் சொல்ல வேண்டும். வாத்தியார் விழுந்தால் ரசமட்டத்துக்குக் கவலை இல்லை. இருக்கையில் கல்லுப் பிள்ளையார்போல இருப்பார். மனைவி என்றால் உட்கார முடியாது. முதல் வாரம் இடப்பக்க ஓரத்தில் போய் எட்டிப் பார்த்தார். "தலைமேல வந்து நிக்காதீங்க, கை கால் உதறுது!" என்று திட்டு விழுந்தது. அன்று முதல் மரியாதையாக, எட்ட இருந்து பார்க்க வசதியான வலப்பக்கப் பின்மூலைக்குப் போய் நிற்பார்.

இன்றைக்கும் போய் நின்றார். அம்மாள் கயிற்றை விட்டார். அலை நுரைத்துச் சரிந்தது. விழுந்தார்.

"இன்னொரு தடவை" என்றார் தண்ணீரிலிருந்து.

இரண்டாவது தடவையும் எழுந்தார். ரசமட்டம் மூலையில் நகத்தைக் கடித்தபடி நின்றார். அலை தொய்யத் தொடங்கியபோது மைத்துனன் கத்தினான்.

"மாமா! காபி பிளாஸ்க் உருளுது, பிடிங்க!"

இடப்பக்க இருக்கையிலிருந்து பிளாஸ்க் கிளம்பியிருந்தது. ரசமட்டம் பாய்ந்து பிடித்தார். திரும்பிப் பார்த்தால், செத்துக்கொண்டிருந்த அலை புஸ்ஸென்று எழும்பி நின்றது. பிளாஸ்க்கோடு மூலைக்குப் போனார். அலை படுத்தது. ஒரு எட்டு இடப்பக்கம் வைத்தார். எழுந்தது. வலப்பக்கம் வந்தார். படுத்தது.

"என்ன மாமா, டான்ஸா?"

"வாயை மூடுடா. சோதனை நடக்குது."

பாவம் அந்த அம்மாள், பின்னால் ஏறி இறங்கி, "என்னங்க ஆச்சு?" என்று அலறிக்கொண்டிருந்தார். இத்தனை வாரமாக அவர் சவாரி செய்தது அலைமேல் அல்ல, கணவர்மேல் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? சோதனையின் முடிவில் அவர் தண்ணீருக்குள் போனார்.

ரசமட்டத்தின் முகம் வெளுத்தது. படகிலேயே பெரிய மூட்டை எதுவோ, அதற்குக் காலும் இருந்தது. அவர் அதை மட்டும் கட்டி வைக்கவில்லை.

"இன்னும் ஒரே ஒரு தடவை நில்லும்மா. எனக்காக."

இந்தக் குரலில் அவர் பேசி அந்த அம்மாள் கேட்டதில்லை. மறுபேச்சில்லாமல் கயிற்றைப் பிடித்தார்.

ரசமட்டம் இடப்பக்க இருக்கையில் அமர்ந்தார். முன்பக்கம் பார்த்துத் திரும்பிக்கொண்டார். கால்களைப் பின்னி, பிளாஸ்க்கை மார்போடு அணைத்துக்கொண்டார். பின்னால் பலகை தண்ணீரை உரசும் சத்தம் கேட்டது.

"டேய், என்னடா ஆகுது?"

"பார்த்துக்கோங்களேன்."

"பார்க்க மாட்டேன். சொல்லித் தொலை."

மைத்துனன் ஸ்டீயரிங்குக்கு மேலிருந்த கண்ணாடியில் பின்பக்கம் பார்த்தான். "அக்கா நிக்குறா. கயித்தை விட்டுட்டா. இன்னும் நிக்குறா. மாமா, கையை விரிச்சுக்கிட்டு வர்றா! சிரிக்கிறா, மாமா!"

ரசமட்டத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வாரக்கணக்கில் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று எழுந்து போய்விட்டது. கண்ணில் ஏரித் தண்ணீர் தெறித்துவிட்டதாக அவர் பின்னர் விளக்கம் அளித்தார். படகின் முன்பக்கம் அன்று ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வரவில்லை.

ஏரியின் கடைசிவரை போய்த்தான் அம்மாள் இறங்கினார். படகில் ஏறி, மூச்சு வாங்க, "எதைங்க மாத்தினீங்க? தகட்டையா?" என்றார்.

மைத்துனன் உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான். தகட்டின்மேல் பழியைப் போட நல்ல வாய்ப்பு. தகடு மறுத்துப் பேசாது.

"உன் மேல தப்பில்லம்மா" என்றார் ரசமட்டம். "அலையிலதான் தப்பு. நான் எந்திரிச்சு எந்திரிச்சு வந்து உன்னைப் பார்த்தேன்ல, அதுதான்."

அம்மாள் ஈரத் தலையோடு அவரை ஏற இறங்கப் பார்த்தார். திட்ட வாயெடுத்தவர், என்ன நினைத்தாரோ, பிளாஸ்க்கை வாங்கி முதல் காபியை அவருக்கு ஊற்றிக் கொடுத்தார். "அடுத்த ஞாயித்துக்கிழமையும் இப்படியே திரும்பி உக்காருங்க" என்றார்.

கரையில் அக்காவும் தம்பியும் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, ரசமட்டம் யாரிடமும் சொல்லாமல் கொட்டகைக்குள் போனார். தராசின் மேலிருந்த மணல் மூட்டையை இறக்கி வைத்தார். சட்டைப் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்துக் கீழே வைத்தார். செருப்பைக் கழற்றினார். வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டு ஏறி நின்றார்.

முள் எழுபத்தைந்தைத் தொட்டது. நிற்காமல் மேலே போயிற்று.